திரையை விட்டுப் படம் பாய்ந்த வருஷம்

டார்ச்சு என்றால் அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழிப்பவர் அவர்தான். உள்ளே இருட்டில் வெளிச்சம் காட்டி ஆளை உட்கார வைப்பவரும் அவர்தான். கையில் வைத்திருந்த டார்ச் விளக்கால் வந்த பெயர் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மை அதுவல்ல. அவருக்கு இருந்தது ஒரே கண். ஒற்றை பல்பு எரிகிற முகம் என்று எவனோ கேலியாகச் சொல்லப்போக, அந்தப் பெயரை அவரே பிடித்துக்கொண்டார். பிறர் கூப்பிட்டுச் சிரிப்பதற்குள் தானே சொல்லிச் சிரித்துவிட்டால் பெயரில் முள் இருக்காது என்பது அவர் கணக்கு.

இடது கண் போனது சின்ன வயதில், தெருவில் யாரோ விட்டெறிந்த கல்லால். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சொல்வாங்க. எனக்கு ரெண்டும் ஒரே நாள்ல பட்டுடுச்சு. இனிமே படறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லை" என்பார். சொல்வது போலவே நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார்.

தியேட்டர் ஆபரேட்டரின் தங்கையைத்தான் கட்டியிருந்தார். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற பெண். வாராவாரம் படத்துக்கு வருவாள், வாராவாரம் அவர்தான் வெளிச்சம் காட்டுவார். விஷயம் வீட்டுக்கு வந்தபோது ஆபரேட்டர் குதித்தார். சிநேகிதன் என்பது வேறு, மாப்பிள்ளை என்பது வேறு, ஊரில் இரண்டு கண் உள்ளவன் ஒருத்தனும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். தங்கை தையலிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்: "ரெண்டு கண்ணு உள்ளவங்க நாலு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்களே அண்ணா. வீட்டைப் பார்த்தாங்க, பாத்திரத்தைப் பார்த்தாங்க. என்னை யாரு பார்த்தா?" ஆபரேட்டர் போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவனுக்கு இடது பக்கமாகவே நடப்பாள். அந்தப் பக்கம் வருகிற சைக்கிளை அவருக்கும் சேர்த்து அவள் பார்த்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஐம்பத்து மூன்றாம் வருஷம் பிறந்தது. சினிமா உலகமே தலைகீழான வருஷம் அது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் படம் திரையில் நிற்காது, பார்க்கிறவன் மடிக்கே வந்து விழும் என்று பத்திரிகையெல்லாம் எழுதியது. தியேட்டர் முதலாளி மரவாடி வைத்துப் பிழைத்து, சினிமா ஆசையில் தியேட்டர் கட்டியவர். நினைத்தால் நினைத்த மாத்திரத்தில் செய்கிற சுபாவம். பாயும் படத்தை இந்த வட்டாரத்தில் முதலில் நாமேதான் காட்ட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். வெள்ளைத் திரைக்கு வெள்ளி வண்ணம் பூசினார்கள். படம் ஓட்டுகிற இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால்தான் படம் பாயும். "ரெண்டு மாட்டை ஒரே நுகத்துல கட்டியாச்சு. ஒண்ணு அரை அடி பிந்தினாலும் பார்க்கிறவன் மண்டை பிளந்துடும்" என்று ஆபரேட்டர் முணுமுணுத்துக்கொண்டே வேலையைப் பார்த்தார். அட்டைச் சட்டமும் புகை நிறச் சில்லுமாகக் கண்ணாடிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. கொடுத்து வாங்கித் துடைத்து அடுக்குகிற பொறுப்பு டார்ச்சுக்கு.

ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால் ஒரு காலையில் வேலைக்காரர்களுக்கும் குடும்பங்களுக்கும் மட்டும் போட்டுக் காட்டினார்கள். காட்டுப் படம். கொஞ்ச நேரம் மரமும் செடியுமாக ஓடியது. திடீரென்று ஒருவன் ஈட்டியைத் தூக்கி நேராக எறிந்தான். அவ்வளவுதான், தியேட்டர் முழுக்க ஒரே அலறல். டார்ச்சின் மனைவி அவர் கையை நகம் பதிய இறுக்கினாள். முதலாளியே ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். டார்ச்சு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணுக்கு ஈட்டி கொஞ்சம் பெரிதானது, பிறகு காணாமல் போனது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். படம் இரட்டையாகக் கலங்கியது. மறுபடி போட்டுக்கொண்டார். தெளிவாகத் தெரிந்தது, ஆனால் தட்டையாக, என்றைக்கும் போலத் திரையிலேயே இருந்தது.

படம் முடிந்ததும் முதலாளி உற்சாகத்தில் ஒவ்வொருவரையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்கள். டார்ச்சு முறை வந்தது. "எனக்கு ஒண்ணும் வெளியே வரலீங்க முதலாளி. ரெண்டு கண்ணு வேணும் போலிருக்கு" என்றார். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்து பழகியதில் அவருக்கு ஒரு கண்தான் என்பதே மறந்துபோயிருந்தது. அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி அவரை அறைக்குக் கூப்பிட்டார். பேனாவைத் திறந்தார், மூடினார், கடைசியில் விஷயத்துக்கு வந்தார். கொஞ்ச நாளைக்கு சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"கோவிச்சுக்காதேப்பா. பார்த்தவன் வாயாலதான் இந்தப் படம் ஓடணும். உனக்கே அது தெரியலைன்னா, வாசல்ல நின்னு ஜனங்ககிட்ட என்னன்னு சொல்லுவே?"

"படத்தைப் பத்தி நான் ஏங்க சொல்றேன்? பார்த்தவங்களைப் பத்திச் சொல்றேன். ஒரு வாரம் விட்டுப் பாருங்க. சரிப்படலைன்னா நானே சைக்கிளுக்குப் போயிடறேன்."

முதலாளி ஒரு வாரம் விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது மனைவி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். இனி அந்தப் படத்துக்கு வர மாட்டேன் என்றாள். அவர் பார்க்க முடியாததைத் தான் மட்டும் பார்ப்பது பந்தியில் ஒருத்தரைப் பட்டினி போட்டுவிட்டுச் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். அவர் சிரித்தார். சரி, எப்படித்தான் வந்தது, செய்து காட்டு என்றார். அவள் கரண்டியை எடுத்து அவர் மூக்குக்கு நேராக வேகமாக நீட்டினாள். அவர் இமைக்கவில்லை. கரண்டியிலிருந்த குழம்பு சட்டையில் சொட்டியதுதான் மிச்சம். அழ இருந்தவள் சிரித்துவிட்டாள்.

"நீ போய்ப் பாரு, வந்து சொல்லு" என்றார் அவர். "வீட்டுக்கு ஒருத்தர் பயந்தா போதும்."

ஊருக்குப் படம் போட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் செய்தது இதுதான். ஆளையெல்லாம் உட்கார வைத்துவிட்டு, மேடை ஓரத்துப் படியில் போய்த் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வெள்ளித் திரையின் வெளிச்சம் ஜனங்களின் முகத்தில் விழுந்தது. நானூறு பேர், நானூறு கண்ணாடி. ஈட்டி வருகிற நேரம் அவருக்கு முதுகிலேயே தெரிந்தது. முன்வரிசை மொத்தமும் ஒரே பக்கமாகச் சாயும். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் நாற்காலிக்கு அடியில் போனார். நேற்றுவரை சண்டை போட்டுப் பேசாமலிருந்த அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ரவுடி என்று பேர் வாங்கிய கறிக்கடைக்காரர் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத கிழவரின் மடியில் தலையைப் புதைத்தார்.

அடுத்த ஆட்டத்துக்கு வாசலில் வரிசை நிற்கும்போது டார்ச்சு இதையெல்லாம் எடுத்துவிடுவார். பேர் சொல்ல மாட்டார், ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "அதை நான் பார்க்கலை, உங்களைத்தான் பார்க்கப்போறேன்" என்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மாவா? வரிசை வாசலைத் தாண்டி, சோடாக் கடையைத் தாண்டி, தபாலாபீஸ் முனைவரை போனது. வந்தவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்க்க வந்தார்கள், பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க வந்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி முதலாளி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

அந்தப் படம் போய் இன்னொன்று வந்தது, அதன் பிறகு இன்னொன்று. சிங்கம் பாய்ந்தது, ரயில் பாய்ந்தது, ஒரு படத்தில் சமையல்காரன் சட்டியைத் தூக்கி எறிந்தான். கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தினமும் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்று பிடிபட ஆரம்பித்தது. சாய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கத்துகிறவர்கள் பழக்கத்துக்குக் கத்தினார்கள். ஆட்டம் முடிந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டே போகிறவர்கள் அதிகமானார்கள்.

நான்காவது படத்தில்தான் அவர் திடுக்கிட்டார். கதையின் நடுவில் ஒரு சின்னக் காட்சி. மகன் இறந்த செய்தி வந்த பிறகு தாய் அவன் சட்டையை மடித்து வைக்கிறாள். எதுவும் பாயவில்லை, சத்தம்கூட இல்லை. டார்ச்சு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை வரிசையாகக் கைகள் மேலே வந்தன. கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டு ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னதான் நடக்கிறது என்று ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் முதல்தடவையாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். அந்தத் தாய் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கையும் கண்ணுக்குப் போனது.

ஆபரேட்டரிடம்தான் முதலில் சொன்னார். ஆபரேட்டர் பயந்துபோனார். வருகிற வருஷம் முழுவதற்கும் பாயும் படங்களே போடுவதாகப் படக் கம்பெனி ஏஜெண்டுக்கு முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஏஜெண்ட் சாயந்திரம் வருகிறார். "முதலாளி சந்தோஷமா இருக்காரு மாப்பிள்ளை. தூங்குற புலியை ஏன் இடறணும்?" என்றார். டார்ச்சு நேராக முதலாளி அறைக்குப் போனார்.

"கையெழுத்துப் போடுங்க, நான் வேண்டாம்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி மத்தியான ஆட்டம் ஒண்ணு என்கூட உட்காருங்க. படத்தைப் பார்க்க வேண்டாம்."

முதலாளி முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார், பிறகு வந்தார். படியில் அவரால் உட்கார முடியாது என்று மேடை ஓரத்தில் இரண்டு நாற்காலி போட்டார்கள். நானூறு பேருக்கு முன்னால் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. நடுவரிசையில் ஒருவன், முதலாளி நம்மைப் படம் பார்க்கிறார் என்று சொல்ல, சிரிப்பு எழுந்தது. விளக்கு அணைந்தது.

இந்தப் படத்திலும் சிங்கம் இருந்தது. அது பாய்ந்தபோது மூன்றாவது வரிசையில் ஒருவர் கடலையை உரித்துக்கொண்டிருந்தார், உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு பெண் பக்கத்துக்காரியிடம், அடுத்தது அம்பு வரும் என்று முன்கூட்டியே சொன்னாள். அம்பு வந்தது. இருவரும் கொட்டாவி விட்டார்கள். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார், டார்ச்சு பொறுங்கள் என்று கையைக் காட்டினார். பிறகு அந்தச் சட்டைக் காட்சி வந்தது. கைகள் கண்ணாடிக்கு அடியில் போயின. கடலைக்காரர் கடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார்.

முதலாளி கடைசிவரை எழுந்திருக்கவில்லை. வெளியே வந்ததும் டார்ச்சின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தனை வருஷமா திரையைப் பார்த்தே தியேட்டர் நடத்தியிருக்கேன்" என்றார். சாயந்திரம் வந்த ஏஜெண்டிடம் பாயும் படம் ஒன்றே ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டார். மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார். ஏஜெண்ட் வருத்தத்தோடு போனாலும், போகிறபோது ஒரு செய்தி சொன்னார்: கண்ணாடியே வேண்டாம், திரையையே இரண்டு பங்கு அகலமாக்கிக் காட்டும் படம் வந்திருக்கிறதாம், பெரிய நகரங்களில் ஜனங்கள் மொய்க்கிறார்களாம்.

அதற்குக் கண் எத்தனை வேண்டும் என்று டார்ச்சு விசாரித்தார். ஒன்று போதும் என்று தெரிந்ததும் ரொம்ப நல்லது என்றார்.

வருஷம் முடிவதற்குள் அகலத் திரைக்காக மேடையின் இரு பக்கத் தூண்களையும் இடித்தார்கள். அக்கம்பக்கத்துத் தியேட்டர்கள் அப்போதுதான் கண்ணாடிப் பெட்டிகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தன. ஒரு மெஷின் ஓய்வு பெற்றதில் ஆபரேட்டருக்குப் பத்து வயது குறைந்தது. மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசவும் ஆரம்பித்தார். எந்தப் படத்தை எடுப்பது என்று தீர்மானிக்கும் வேலையை முதலாளி டார்ச்சிடமே கொடுத்தார். மேஜை நாற்காலியும் போட்டுத் தருவதாகச் சொன்னார். வேலையை வாங்கிக்கொண்டார், மேஜையை வேண்டாம் என்றுவிட்டார். வாசலை விட்டால் முகம் தெரியாது என்றார். பிற்காலத்தில் ஏஜெண்டுகள், அந்தக் கம்பெனிப் படத்தை எடுக்கிறீர்கள், எங்கள் படத்தை எடுப்பதில்லை என்று சண்டைக்கு வருவார்கள். "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வைக்க என்கிட்ட ஏதுங்க ரெண்டு கண்ணு?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் எடுத்த படங்களில் விழுந்ததும் உண்டு. ஆனால் தியேட்டர் விழவில்லை.

அகலத் திரையின் முதல் நாள், ஒரு ஆட்டம் முழுக்கத் தன் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும் என்று மனைவி கேட்டாள். வாசலை ஆபரேட்டரின் மகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திரை ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை விரிந்தபோது தியேட்டரே மூச்சை இழுத்துப் பிடித்தது. அவரும் பார்த்தார், கடலும் வானமுமாக அத்தனையும் பார்த்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். மெல்லக் கழுத்தைத் திருப்பிப் பின்வரிசை முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். மனைவி அவர் தாடையைப் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் சமர்த்தாக இருந்தார். மறுபடி கழுத்து திரும்பியது. இந்தத் தடவை அவள் ஒன்றும் செய்யவில்லை. பின்னால் யார் அழுகிறார்கள் என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.