உபவாச நாளில் கடம்பா வறுவல்

போன வெள்ளிக்கிழமை காலை. எங்கள் திருவொற்றியூர் சர்ச் கேட்டில் ரோசி அக்கா என் பைக்கை மறித்தார்.

"இன்னா தம்பி, பெரிய வூட்ல எல்லாம் உக்காந்து துன்னாங்க. நம்ம வூட்டுக்கு வரசொல்ல மட்டும் உபவாசம் வந்துருச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். எங்கள் சபைக்குக் கொரியாவிலிருந்து பன்னிரண்டு பேர் கொண்ட ஊழியக் குழு வந்திருந்தது. பத்து நாள் பயணம். ஞாயிறு பள்ளி வகுப்பறைக்கு பெயிண்ட் அடித்தார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். குழுத் தலைவர் கிம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசுவார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அதைத் தமிழாக்குவேன். பத்தி எழுதுகிறவனுக்கு இதுகூடவா வராது என்று பாஸ்டர் என்னைக் கோர்த்துவிட்டார்.

ஏழாம் நாள் வருவதற்குள் எல்லோரும் காலி. வெயிலும் மணலி ஆலைப் பக்கத்துக் காற்றும் சேர்ந்து அவர்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை. எனக்கோ... காதில் விழுந்தது மூளைக்குப் போகாமலே வாய் வழியாக வெளியே வந்தது. மொழிபெயர்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள் — அப்படி ஒரு கட்டம் உண்டு.

அந்தக் கட்டத்தில்தான், புதன்கிழமை கூட்டத்தில் கிம் ஏதோ சொன்னார். நானும் சொன்னேன். "ஊர் திரும்பும் முன் கடைசி இரண்டு நாள், வெள்ளியும் சனியும், நாங்கள் உபவாசம் இருக்கப்போகிறோம்." சபை முழுக்க ஆமென். என்னுடையதும் சேர்த்து.

சனிக்கிழமை மதியம் ரோசி அக்கா வீட்டில் பன்னிரண்டு பேருக்கும் சாப்பாடு. சரி என்று வாக்குக் கொடுத்தவன் நான். அதை கிம்மிடம் சொல்லவே மறந்தவனும் நான்!

அக்கா மீன் விற்கிறவர். செக்ரட்டரி வீடு, டாக்டர் வீடு என்று விருந்து சுற்றியதில் அவர் முறை ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது.

"அக்கா, அது ஜெபத்துக்காக..." என்று இழுத்தேன்.

"நானுந்தான் ஜெபம் பண்றேன். மீன்காரி வூடு, கவுச்சி அடிக்கும்னு ரோசனை பண்றாங்களா? பரவால்ல, சொல்லிடு. காசிமேட்ல கடம்பா சொல்லி வெச்சிக்கீறேன். அவுங்க ஊர்ல அதுன்னா உசுருன்னு நீதான சொன்ன? அக்கம் பக்கத்துல எல்லாருக்கும் வேற சொல்லிட்டேன்."

குரல் உடைந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அவர்களுக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? பாதி உண்மைதானே? களைத்துப்போனவனுக்குப் பொய் ரொம்ப சௌகரியம்... ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. நேராக கிம்மிடம் போனேன்.

அவர் பாதி அடுக்கிய பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தவறு என்னுடையது என்பதையும்.

"கடவுளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோமே" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "என்ன சமைக்கிறார்?" என்று கேட்டார்.

"கணவாய். எங்கள் பக்கத்தில் கடம்பா என்போம். உங்களுக்காகவே சொல்லிவைத்திருக்கிறார்."

கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நாள் உபவாசம் போதும்" என்றார். வருகிறார்கள் என்று மட்டும் அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம், அக்காவின் ஒரே அறை வீட்டில் பன்னிரண்டு பேரும் முட்டி இடிக்கத் தரையில் உட்கார்ந்தார்கள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட்டம். கடம்பா வறுவலைப் பார்த்ததும் குழுவில் ஒரு பெண் கைதட்டியேவிட்டாள். அக்கா ஓடி ஓடிப் பரிமாறினார், சிரித்தார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

சாப்பிட்டு முடித்து கிம் எழுந்து நன்றி சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். "இந்தப் பயணத்தில் நான் வயிறார உண்டது இன்றைக்குத்தான்." அவர் உட்கார்ந்துவிட்டார். நான் நிறுத்தவில்லை.

"மன்னிச்சிடுக்கா. நீ கூப்ட்டத நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல. மறந்துட்டேன்."

அக்கா கரண்டியோடு நின்றார். "இத்த அவரு சொல்றாரா, நீ சொல்றியா?"

"நான்தான்க்கா."

"இத்த சொல்றதுக்கு உனுக்கு ஒரு நாள் ஆச்சா? நைட்டெல்லாம் தூங்கல தம்பி நானு" என்றபடி, என் தட்டில் இன்னொரு கரண்டி கடம்பாவைப் போட்டார்.

பத்து நாளாக நாலு பேர் முன்னால் வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன்... அதில் என் சொந்தப் பேச்சு அந்த மன்னிப்பு ஒன்றுதான்.