பன்றித் தீனியில் மஞ்சள் உருண்டை

பாலில் தண்ணீர் கலந்திருந்தால் ஆறுச்சாமி பால்காரரைச் சந்தேகப்படுவார். கலக்காமல் இருந்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார். அப்படிப்பட்டவர்தான் தொண்ணூற்று நான்கில், சொந்தபந்தமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்க, கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்குள் வெள்ளைப் பன்றி வளர்க்க இறங்கினார். தோற்றால் அந்தச் சிரிப்போடுதான் மிச்சக் காலத்தை ஓட்டவேண்டும்.

கொட்டில் இரண்டு. ஒன்றுக்கு அவரே தீனி வைப்பார், யாரையும் கிட்டே விடமாட்டார். இன்னொன்றை வேலைக்கு வந்த சென்னியம்மாள் பார்த்தாள். ஐப்பசி மழையில் பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. டாக்டர் ஊசி போட்டும் ஆறுச்சாமி கொட்டிலில் ஐந்து செத்தன. அவள் கொட்டிலில் பன்னிரண்டும் துள்ளி ஓடின. தவிடும் புண்ணாக்கும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். அவருக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் காலை தென்னைக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார். அவள் மடியிலிருந்து மஞ்சள் உருண்டைகளை எடுத்துத் தவிட்டில் பிசைந்துகொண்டிருந்தாள். கிட்டப் போனால் வேப்பிலை வாடை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? தன் குட்டிகளின் உயிரை எடுத்து அந்தக் கொட்டிலுக்குக் கட்டுகிறாள், செய்வினைதான் என்று முடிவு கட்டிவிட்டார். மஞ்சளும் பூண்டும் வேப்பங்கொழுந்தும்தான், தன் வீட்டு ஆடுகளுக்கும் இதைத்தான் கொடுப்பதாக அவள் சொன்னது காதில் ஏறவில்லை. அப்போதே வேலையை விட்டு நிறுத்தினார்.

எட்டாம் நாள் அந்தப் பன்னிரண்டுக்கும் கழிச்சல் கண்டது. செய்தவள் போன பிறகும் வினை ஏன் நிற்கவில்லை, உருண்டை நின்ற பிறகு இவை ஏன் விழுந்தன என்று காலையெல்லாம் யோசித்தார். யோசிக்க யோசிக்க வெட்கமாக இருந்தது. மத்தியானம் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

குட்டிகளுக்குக் கழிச்சல் என்றதுமே அவள் அம்மியில் அரைத்து உருட்டிக் கொடுத்தாள். வாங்கியவர், பழக்கதோஷம், ஒன்றை மூக்கருகே கொண்டுபோய்விட்டார். அவள் அதை அவர் கையிலிருந்து எடுத்துப் பாதியைக் கடித்து மென்று விழுங்கினாள்.

"போதுங்களா? கொண்டு போயி வெய்யுங்க. குட்டிக பாவம்."

ஆறுச்சாமி மிச்ச உருண்டைகளைத் துண்டில் முடிந்துகொண்டார். "நாளைக்கு வேலைக்கு வந்துரு, சென்னியம்மா."

"உருண்டை கேட்டா எப்ப வேணா அரைச்சுத் தாரேனுங்க. வேலைக்கு வரமாட்டேனுங்க. வந்தா இனி ஒவ்வொரு நாளும் நான் மொதல்ல தின்னு காட்டோணுமுங்க. அது என்னால ஆகாதுங்க."