மேகம் மேய்ப்பவர்களின் ஊர்

காணும் பொங்கலன்று ராஜகிரிக் கோட்டை மலையில் பாதி ஏறி, மூச்சு வாங்க நின்று குனிந்து பார்த்தபோதுதான் அந்த ஊர் எனக்குக் கிடைத்தது. கீழே பனி. ஏரிக்கரைப் பக்கம், அறுப்பு முடிந்த வயலில் வெள்ளையாக ஏதோ கூட்டமாக நகர்ந்தது. வாத்து என்றார் நைனா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவை மேகங்கள்; ஓட்டிப் போகிறவர்கள் மேகம் மேய்ப்பவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை எதிரொலி விற்பவர்களும் நிழல் சுமப்பவர்களும் வந்து அவர்களோடு கூடாரம் போடுவார்கள். கூட்டம் கலைந்தால் ஊரே இருக்காது. மூன்றாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு, மலையிறங்குவதற்குள் முழு உலகமும் தயார்.

மறுநாள் அந்த வயலுக்கு ஓடிப் போனேன். வாத்துக்காரர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். பனைமரத்தடியில் ஐந்து கற்கள் வரிசையாக இருந்தன, கடைசிக் கல்லின் அடியில் ஓர் இறகு. அடுப்புக்கரி படிந்த நல்ல கற்கள். தூக்கி வந்து வரப்போரம் வட்டமாக அடுக்கி எதிரொலிச் சந்தை கட்டினேன். இறகு கொடியாயிற்று.

சாயங்காலம் இன்னொரு வாத்துக் கூட்டம் வந்தது. ஓட்டி வந்த பெண், சேலைத் தூளியில் கைக்குழந்தையோடு, பனைமரத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"பாப்பா, இங்க வரிசையா கல்லு இருந்துதா? எந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்துது?"

முன்னால் போனது அவளுடைய அக்காவாம். எந்தப் பக்கம் போகிறோம் என்று கல்லில் காட்டிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். அக்காவிடம் போன் கிடையாது. குழந்தையை இன்னும் பார்த்ததும் இல்லை. இப்போது தவறவிட்டால் அடுத்த அறுப்புக்குத்தான்.

கற்கள் என் பாவாடைக்குப் பின்னால் இருந்தன. அவை பார்த்தது வல்லம் ரோட்டையா, மேல்மலையனூர் ரோட்டையா? அமாவாசைக்கு எல்லாரும் கோயிலுக்குப் போகிற பக்கம் கையைக் காட்டினேன்.

"மலையனூர் ரோடா? நல்லா இரு கண்ணு."

எனக்குப் பயமே இல்லை. யார் எந்த வழியில் போனாலும் கடைசியில் வந்து கூடுகிற ஊரைத்தான் நான் கட்டிவிட்டேனே! இரண்டு நாள் காத்திருந்தேன். சந்தையை மாடு மிதித்தது. ஊர் இருந்தால் போதாது, வழியும் தெரிய வேண்டும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

இப்போது அந்த உலகத்தை நாவலாக எழுதுகிறேன். வரைபடம்கூடப் போட்டாயிற்று. ஓர் அத்தியாயம் மட்டும் நகரவில்லை: கல்லை எடுத்த சிறுமி அதைத் திரும்ப வைக்கிற அத்தியாயம். எந்தப் பக்கம் பார்த்து வைப்பாள்? நானே கவனிக்கவில்லையே. நாளைக்கு, கற்களை அங்கேயே போட்டுவிட்டு, உண்மையைச் சொல்ல அந்தக் குழந்தைக்காரியின் பின்னால் சிறுமியை ஓடவிட்டுப் பார்க்கப்போகிறேன்.