என் இடது கைக்குத் தெரிந்த பிரேக்

வண்டி இல்லையென்றால் இனிமேல் வேலைக்குக் கூப்பிட மாட்டேன் என்று காண்ட்ராக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நான் வயரிங் வேலை செய்கிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன், அன்றிலிருந்து சைக்கிள்தான். புதுச்சேரியில் நான் இருக்கிற சாரத்திலிருந்து டவுனுக்குள் எங்கே வேலை என்றாலும் சாமான் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போய்விடுவேன். இப்போது அவர் நோணாங்குப்பம் பக்கம் பெரிய வேலை பிடித்திருந்தார். காலையில் அங்கே, மத்தியானம் வேறு எங்கேயோ. சைக்கிள் தாங்காது.

வேலை போய்விடுமே என்பது ஒரு பயம். நோணாங்குப்பம் போகிற கடலூர் ரோடு அதைவிடப் பெரிய பயம். என் மனைவி அரியாங்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். வண்டி வந்துவிட்டால் தினமும் அவளைப் பின்னால் உட்கார வைத்து அந்த ரோட்டில்தான் கூட்டிப்போக வேண்டும். பஸ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருகிற ரோடு. நான் விழுந்தால் எப்படியாவது எழுந்துவிடுவேன் என்று ஒரு எண்ணம் இருந்தது. அவள் விழுவதுதான் கண்ணை மூடினால் தெரிந்தது. எந்தப் பக்கம் சாய்வாள், செருப்பு எங்கே போய்க் கிடக்கும் என்பது வரைக்கும்.

அவளிடம் சொன்னதில்லை. வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று நினைக்கிற ஆள் நான்.

வண்டி பார்க்க அவளும் வந்தாள், மச்சானும் கூட வந்தான், அவள் தம்பி. அரியாங்குப்பத்திலிருந்து வீராம்பட்டினம் போகிற ரோட்டில் அவனுக்குத் தெரிந்த பழைய வண்டிக் கடை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிவிட்டிருந்தது. ரோட்டில் நடமாட்டமே இல்லை. அந்த அமைதியே எனக்குப் பிடிக்கவில்லை.

மச்சான் ஒரு சிவப்பு வண்டியைக் காட்டினான். "இதான் மாமா உன் வண்டி. உக்காந்து பாரு, கால் எட்டுது பாரு."

கால் எட்டியது. ஆனால் டேங்க் மேல் யாரோ பேர் எழுதி வைத்து, அதை ஆணியால் சுரண்டி எடுத்திருந்தார்கள். என்ன பேர் என்று தெரியவில்லை. சுரண்டின இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"இது அடிபட்ட வண்டியா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அடிபட்ட வண்டிய உனுக்கு எதுக்குப்பா குடுக்கப் போறேன்? இத வச்சினிருந்த பையன் பெரிய வண்டி எடுத்துக்குனு இதக் குடுத்துட்டான்."

"பேர ஏன் சுரண்டிட்டாரு?"

"லவ்வு புட்டுக்குச்சி. அதுக்கு வண்டி இன்னா பண்ணும்?"

மச்சான் சிரித்தான். நான் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தேன், அதைப் பிடித்திருக்கிற ஃபோர்க் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன், சேஸிஸில் வெல்டிங் தெரிகிறதா என்று தடவிப் பார்த்தேன். கெட்டது எதுவாக இருந்தாலும் அந்த வண்டிக்குள்தான் ஒளிந்திருக்கும் என்று நம்பினேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது இன்னும் பயமாக இருந்தது.

"உனுக்கு எப்டிப் படுது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ஓட்டப் போறது நீங்க. என்னக் கேட்டா?"

"அக்கா, மாமா வண்டிக்கு ஜாதகம் பாக்குது," என்றான் மச்சான்.

எல்.எல்.ஆர். வாங்கி, அவன் வண்டியில் நாலைந்து ஞாயிறு பழகியிருந்தேன். இடது கை கிளட்ச், வலது கை முன் பிரேக், வலது கால் பின் பிரேக். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பழகும்போதெல்லாம் அவன் பின்னால் உட்கார்ந்து, நிறுத்த வேண்டிய இடம் வருமுன்னே "கால அமுக்கு, கால அமுக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவான். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தனியாகப் போனேன்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். வண்டி நன்றாகத்தான் ஓடியது. கடை தெரிந்தது. மனைவி ரோட்டோரம் இறங்கி வந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று அந்தப் பக்கமாகத் திருப்பினேன்.

பிரேக் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை.

இன்னும் அழுத்திப் பிடித்தேன். இஞ்சின் அலறியது, வேகம் குறையவில்லை. பிரேக் அறுந்துவிட்டது, நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் தோன்றியது. அவள் நகரவில்லை. நிறுத்திவிடுவேன் என்று நம்பி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது.

கடைக்காரர்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தார். வண்டிக் கண்ணாடியில் அவள் தோள்பை மாட்டி, வார் அறுந்து போயிற்று. நான் எதிரே கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறிச் சாய்ந்தேன். வண்டி கீழே கிடந்தும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மச்சான் ஓடிவந்து சாவியைத் திருப்பினான். "இன்னா மாமா, பிரேக்குப் புடிக்கிறதுக்கு இன்னா?"

"புடிச்சேன்டா. புடிக்கல."

"எங்க புடிச்ச?"

அப்போதுதான் பார்த்தேன். என் இடது கை இன்னும் கிளட்சை விடாமல் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது.

என் சைக்கிளில் வலது பக்கத்துப் பிரேக் கம்பி அறுந்து வருஷக்கணக்கில் ஆகிறது. மாற்றவே இல்லை, ஒன்று இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். நாய் குறுக்கே வந்தாலும், குழந்தை ஓடிவந்தாலும், இத்தனை வருஷமும் நிறுத்தியது இடது கைதான். கிளட்ச், பிரேக் என்று வாய்க்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. கைக்கு யாரும் சொல்லவில்லை.

மனைவியின் தோளில் வார் இழுத்த கோடு சிவந்திருந்தது. வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வண்டி வாங்குனா நான் பின்னால ஏற மாட்டேன். திட்டுறேன்னு நெனைக்காதீங்க. ஏற முடியாது, அவ்ளோதான்."

மறுவாரம் கடைக்குப் போய் ஸ்கூட்டர் கேட்டேன். கியர் கிடையாது, இடது கையில் பிடித்தால் நிற்கும். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஊர்ல கேப்பாங்க மாமா, பொம்பள வண்டியான்னு."

"கேட்டா கேக்கட்டும்டா. உங்க அக்கா ஏறுவா."

அவன் ஸ்கூட்டரைச் சுற்றிவந்து டயரை அமுக்கிப் பார்த்தான்.

கடைக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சிவப்பு வண்டி மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கண்ணாடி மாற்றி வண்டியைப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். அவர் வந்த சைக்கிள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் நின்ற மனைவியோடு பேசும்போதே அவருடைய இடது கை விரல்கள் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தன.

கிட்டே போனேன். "அண்ணே, எடது கையில பிரேக் இல்லண்ணே."

"தெரியும்பா," என்று சிரித்தார். "ஓட்டிப் பழகித்தான் வந்துருக்கேன்."

"எனக்கும் தெரியும்ண்ணே. தெரிஞ்சிருந்தும் இடிச்சேன்."

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஸ்டார்ட் செய்து ரோட்டில் இறங்கிவிட்டார். நான் போன அதே பக்கம்தான் போனார். கடை வாசலில் அவருடைய மனைவி இறங்கி நின்று, அவர் திரும்பி வருவதைப் பார்க்கத் தலையை நீட்டினார்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வந்து நில்லுங்க," என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், இங்க நின்னா இன்னா?"

தூரத்தில் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது.

"வெயிலா இருக்குதுக்கா. உள்ள வாங்க," என்றேன்.