நுரையக்கா அலசிய சட்டை

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வாசலில் ஒரு நாள் ஒரு பெண் வந்து நின்றாள். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோன தன் அப்பாவின் சட்டையைக் கேட்டாள். அவசரப் பிரிவில் சட்டையைப் பொத்தான் பொத்தானாகக் கழற்ற யாருக்கும் நேரம் இருக்காது. கத்தரிக்கோலால் நெடுக வெட்டிவிடுவார்கள். வெட்டியது கந்தல் மூட்டைக்குப் போய்விடும். நுரையக்கா அந்தப் பெண்ணை மறுநாள் வரச் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் மூட்டையைக் குடைந்து சட்டையைக் கண்டுபிடித்து, அலசிக் காயவைத்து, வெட்டிய இடத்தை உள்பக்கமாகக் கூட்டித் தைத்து, தேய்த்து மடித்து வைத்தாள். வந்த பெண் அதை விரித்துக்கூடப் பார்க்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். மடிப்பு மேஜையில் அக்காவுக்கு எதிரே நிற்கிறவள் நான். அதனால் எனக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நுரையக்கா என்பது கொதிகலன் பார்க்கிற பெரியவர் வைத்த பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய இயந்திரத்தில் அளவு தெரியாமல் சோப்புத் தூளைக் கொட்டிவிட்டாளாம். நுரை பொங்கி வாசற்படி தாண்டிப் பிணவறைப் பக்கம் வரைக்கும் போயிருக்கிறது. உள்ளே இருந்தவர்களே எழுந்து வழிவிட்டார்கள் என்று பெரியவர் இன்றைக்கும் சொல்லுவார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற துணியின் பையைத் துழாவிப் பார்க்க வேண்டும். கறை என்ன கறை என்று பார்த்து அதற்குத் தக்க தண்ணீரில் போட வேண்டும். ஆனால் அது யாருடையது, எப்படி வந்தது என்று வாயைத் திறந்து கேட்கக் கூடாது. படுக்கையை நனைத்த பெரிய மனிதர் இருப்பார், கணவனிடம் அடிபட்டு வந்த பெண் இருப்பாள். அவர்கள் மானம் நம் கையில் இருக்கிறது என்று முதல் நாளே சொல்லித்தான் சேர்ப்பார்கள். அக்கா அந்தக் கூடத்திலேயே அரை ஆயுளைக் கழித்தவள். கேட்காமல் இருப்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

அவளுக்கு ஒரே மகன். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். வயதுக்கு மீறிய உயரம், வீட்டில் வாய் திறக்கமாட்டான். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவன் சின்ன வகுப்புப் பையன் ஒருவனை அடித்துவிட்டான். காதில் பட்ட அடியில் உள்சவ்வு கிழிந்துவிட்டது. அந்தப் பையனுக்கு அந்தக் காது இனி சரியாகக் கேட்காது என்றார்கள்.

அடிபட்ட பையனின் அம்மா ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறவள். அக்காவின் மகன் ரொம்ப நாளாகவே தன்னை அடித்து வந்தான் என்று பிள்ளை அவளிடம் சொன்னான். பள்ளிக்கூடத்தார், அப்படியெல்லாம் இல்லை, அன்றைக்கு ஒரு நாள் நடந்த தள்ளுமுள்ளு என்றார்கள். பார்த்தவர்கள் யாரும் முன்வரவில்லை. பயந்த பிள்ளை கூட்டிச் சொல்கிறது என்று ஊரும் பேசிற்று. அவள் அடித்தவனின் பெற்றோர் மேல் வழக்குப் போட்டாள்.

வக்கீல் அக்காவையும் அவள் கணவரையும் உட்காரவைத்து விளக்கினார். மகன் இன்னும் மேஜர் ஆகாதவன் என்பதால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றவர்கள். ஆனால் அவன் இப்படிச் செய்வான் என்று முன்னமே தெரிந்தும் தடுக்காமல் விட்டார்களா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். தெரிந்திருந்தால் முழுப் பொறுப்பும் தலையில் விழும், வீடுகூட நிற்காது. தெரியாது என்றால் பெரும்பாலும் தப்பிவிடலாம். தெரியாது என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும் என்று அனுப்பிவைத்தார்.

அக்காவின் கணவர் கிடங்கு லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் வெளியூரில் இருப்பார், அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. அக்காவுக்கும் அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன். இந்த வழக்கு எப்படியாவது கலைந்துபோகட்டும் என்று காலையிலும் மாலையிலும் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம், விரிப்பின் இரண்டு முனையை அவளும் இரண்டு முனையை நானும் பிடித்து உதறிக்கொண்டிருந்தோம். அவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"நான் துவைச்சிருக்கேன், தங்கச்சி."

எதை என்று கேட்டேன்.

"அவன் சட்டைய. கை மடிப்புல ரத்தம். ஒரு தடவை இல்ல, பல தடவை. அவன் உடம்புல ஒரு கீறல் கிடையாது. நம்ம ரத்தம்னா உள்ளேருந்து ஊறி வெளிய வரும். இது வெளிய தெறிச்சு ஒட்டிக்கிட்ட ரத்தம். உனக்குத் தெரியாதா, எனக்குத் தெரியாதா? பச்சத் தண்ணில போட்டேன், உப்புப் போட்டுக் கசக்கினேன், போயிடுச்சு. ஒரு வார்த்தை கேக்கல."

விரிப்பை மடிக்காமலே மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். அதே சட்டை என் கைக்கு வந்திருந்தால் நானும் பச்சைத் தண்ணீரில்தான் போட்டிருப்பேன்.

வீட்டில் அவள் இதைச் சொன்னபோது பெரிய சண்டை ஆகியிருக்கிறது. கடன் அடைத்து இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறோம், உன் வாயால் கூரையைப் பிடுங்காதே என்று கணவர் கெஞ்சியிருக்கிறார். பிறகு கோபத்தில், "நீ என்ன கண்ணாலயா பாத்த? துணியத்தான பாத்த?" என்றாராம். "துணியப் பாத்தா எனக்குப் போதாதாங்க?" என்று இவள் கேட்டிருக்கிறாள். மகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தானாம். இவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது விசாரணை நாள் வரைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது என்றுதான் என்னிடம் சொன்னாள்.

துணைக்கு நானும் போயிருந்தேன். பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட வகுப்பறை அளவுக்கு ஒரு அறை, ஆடுகிற மின்விசிறி, முதுகு வலிக்கிற பெஞ்சுகள். அந்தப் பக்கத்துப் பெஞ்சில் ரொட்டிக்கடைக்காரி, பக்கத்தில் அவள் பிள்ளை. யார் பேசினாலும் கேட்கிற காதைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

நீதிபதி ஒரு அம்மாள், மெதுவாகப் பேசுகிறவர். மகன் பிற பிள்ளைகளை அடிப்பது இந்தச் சம்பவத்துக்கு முன் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். வக்கீல் அக்காவைப் பார்த்து, தெரியாது என்று சொல்லச் சொல்வதுபோல லேசாகத் தலையை ஆட்டினார். கணவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"தெரியும்மா," என்றாள் அக்கா. "யாரை அடிக்கிறான்னு தெரியாது. அடிக்கிறான்னு தெரியும். சட்டையில ரத்தம் இருந்துச்சு. நான் கழுவிட்டேன்."

எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, மழைக்காலம் தொடங்கினதிலிருந்து என்றாள். ஏன் மகனைக் கேட்கவில்லை என்றார் நீதிபதி.

"கேட்டா பதில் சொல்லிடுவானேன்னு பயம்மா."

அந்தச் சின்னப் பையன் தன் அம்மாவின் முழங்கையைத் தொட்டு, "சொன்னேன்லம்மா," என்றான். தனக்குச் சரியாகக் கேட்காததால் மெதுவாகத்தான் சொல்கிறோம் என்று நினைத்திருப்பான். எல்லாருக்கும் கேட்டது. அவள் அவன் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். அக்காவுக்கு அவள் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

தீர்ப்பு வக்கீல் பயந்த மாதிரியே வந்தது. பையனின் வைத்தியத்துக்கும் இழப்புக்கும் பெற்றவர்கள் முழுப் பொறுப்பு. மகன் தவறாமல் மனநல ஆலோசகரிடம் போய்வர வேண்டும். கவனிக்காமல் விட்ட பள்ளிக்கூடத்தையும் நீதிபதி விடவில்லை. வீட்டை விற்றார்கள். கணவர் சில நாள் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே, கிடங்குக்காரர்கள் வேறு ஊரில் குடியிருக்க இடம் தருகிறார்கள் என்று சொல்லி மூட்டை கட்டினார். மகன்தான் பேசவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அவர்கள் ஊரைவிட்டுப் போன அன்று பேருந்து நிலையத்துக்குப் போனேன். கொதிகலன் பெரியவரும் வந்திருந்தார். அந்த ஊரிலாவது சோப்பை அளந்து போடு என்றார். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். கணவர் மூட்டைகளைப் பேருந்தின் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். மகன் ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"புள்ள பேசறானா, அக்கா?" என்று கேட்டேன்.

அக்கா ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"தெனமும் கேக்கறேன், தங்கச்சி. எங்க போன, யாரோட இருந்த, யாருக்காவது வலிச்சுதான்னு. முந்தா நாள் கத்திட்டான், 'ஏம்மா உயிர வாங்கற'ன்னு. கத்தட்டும். நாளைக்கும் கேப்பேன்."