தொட்டில் வைத்த மோட்டார் சைக்கிள்

ஆட்டுத் தோல் வாங்க வருகிறவனுக்குச் சந்தையில் எல்லாரும் ஒதுங்கி வழி விடுவார்கள். மரியாதை என்று ஏமாந்துவிடாதீர்கள், வாடைதான் காரணம். என்னைப்போல் ஊர் ஊராக அலைந்து மண்டிக்குப் பதனிடாத பச்சைத் தோல் பிடித்துக் கொடுக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது தெரியும். நான் தோலோடு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளையும் தேடி அலைந்தேன்.

யுத்தத்துக்கு முன்னால் என் அத்தா வாங்கிய வண்டி அது. பக்கத்தில் ஆள் உட்கார ஒரு தொட்டில் பூட்டியிருக்கும். அதில் அக்காவும் நானும். சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலி கிடையாது, தோல் பெல்ட்தான். அம்மா மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. ஊர் பேசுமே என்று கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். யுத்தம் முடிந்ததும் வியாபாரம் படுத்தது, வண்டி கைமாறியது. அத்தா காலமான பிறகு ஒருநாள் அம்மா, "ஒரு தடவையாவது ஏறி உட்கார்ந்திருக்கலாம்" என்றாள். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

டாக்டரின் கஷ்டம்

அத்தாவிடம் வண்டியை வாங்கியவர் திருப்பத்தூரில் ஒரு டாக்டர். சந்தைக்குப் போன சாக்கில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினார். வேலூர்த் தரகர் ஒருவர் மூலம் வண்டியை எப்போதோ தள்ளிவிட்டாராம். நல்ல வண்டியாச்சே, ஏன் என்று கேட்டேன்.

"நான் வர்ற சத்தம் அரை மைலுக்கு முன்னாடியே கேட்டுடுது. ஊசிக்குப் பயந்து நோயாளிங்க கொல்லப்பக்கமா ஓடிப்போய்டறாங்க. அப்புறம் யாருக்குய்யா வைத்தியம் பாக்கறது?"

தரகரின் யோசனை

வேலூர்த் தரகர் கேட்ட உடனே ஒரு வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். "இதுதான் உங்க அத்தா வண்டி, சத்தியமா." தொட்டில் எங்கே என்றேன். கழற்றிவிட்டார்களாம். இதில் சங்கிலி இருக்கிறதே, எங்கள் வண்டியில் தோல் பெல்ட் அல்லவா என்றேன். மனுஷர் கொஞ்சம்கூட அசரவில்லை.

"தோல் யாவாரம் பண்ற ஆளு நீ! பெல்ட்டுதான் வேணும்னா நீயே ஒண்ணு வெட்டி மாட்டிக்க, என்னை இன்னாத்துக்கு பேஜார் பண்ற?"

அடைக்கோழி

கோபம் தணிந்ததும் அவரே உண்மையைச் சொன்னார்: வண்டி திமிரிப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் கிடக்கிறது. போனேன். மாட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்கு நடுவே நின்றது. இருக்கையில் அத்தா கைப்படப் போட்ட தையல் அப்படியே இருந்தது. தடவிப் பார்த்தேன்.

வண்டியை விற்க விவசாயி உடனே சம்மதித்துவிட்டார். குறுக்கே வந்து நின்றவர் அவர் சம்சாரம். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். சிறகை விரித்துக்கொண்டு ஒரு கோழி என்னை முறைத்தது.

"வண்டி எங்க ஓடிடப்போவுது? கோழி அடை உக்காந்துகினு இருக்குது. குஞ்சு பொரிச்சதும் வந்து எடுத்துக்கினு போங்க பாய், இப்ப கை வச்சா கண்ணக் கொத்திடும்."

அம்மாவின் சவாரி

குஞ்சுகள் பொரிந்தன. வண்டி மாட்டு வண்டியில் ஏறி எங்கள் ஊரான ஆம்பூருக்கு வந்தது. மெக்கானிக் ஒருவர் எதையெதையோ மாற்றி ஓட வைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா புர்காவைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல், தொட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். தெருவே வெளியில் வந்து வேடிக்கை பார்த்தது. படபடவென்று கிளம்பினோம்.

பாலாற்றங்கரை வரைக்கும்தான். இருமியது, புகைந்தது, நின்றுவிட்டது. அவ்வழியாக வந்த மண்டி ஆட்கள் இருவர் தள்ள ஆரம்பித்தார்கள். நான் வெட்கத்தில் தலை குனிந்தபடி, இறங்கிவிடலாமா அம்மா என்றேன். அவள் முகத்திரையை மேலே தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"சும்மா இருடா. ஓடும்போது உசிரு போய்ட்டுப் போய்ட்டு வந்துச்சு, கண்ணத் தொறக்கவே இல்ல. இப்படியே மெதுவா தள்ளுங்கப்பா, இப்பத்தான் ஊரப் பாக்கறேன்."

ஆகவே நண்பர்களே, மெக்கானிக் மறுபடி சரிசெய்து வண்டி ஓடுகிற நிலையில் இருந்தும் வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கையால் தள்ளிக்கொண்டு போகிற ஒரே மனிதன் இந்த ஜில்லாவில் நான்தான்.