ஆறு தோல்வியும் ஒரு ஞாயிறும்

காலை ஐந்தரைக்கு ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினேன். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். பக்கத்து இருக்கைக்காரர் எங்கே போகிறேன் என்று கேட்டார். பெண்கள் கால்பந்து பற்றி எழுதப் போகிறேன் என்றேன்.

“லேடீஸ் ஃபுட்பாலா? நம்மாளுங்கல்லாம் ஆடுறாங்களா மேடம்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெற்காசியப் பெண்கள் கோப்பை 2010இல் தொடங்கியது. முதல் ஐந்து முறையும் வென்றது நம் நாடுதான். முகத்தில் அடித்த மாதிரி இதைச் சொன்னேன். “அப்டியா” என்று கைப்பேசிக்குள் போய்விட்டார்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து. ஏழரைக்கு இறங்கினேன். சிற்பம் பார்க்கவில்லை. அதைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நேரே மீனவர் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மணலுக்குப் போனேன். வலை உலர்த்தும் இடத்துக்கும் படகுகளுக்கும் நடுவே பெண்கள் வெறுங்காலோடு பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுப்பவர் ஜான்சி. ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர், இப்போது ஓட்டல் ஒன்றில் வரவேற்பு வேலை. அன்று ஞாயிறு, செங்கல்பட்டில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. அணியோடு நானும் போவதாகப் பேச்சு.

மணலில் பந்து உருளாது. உதைத்தால் அங்கேயே புதைந்து நிற்கும். அதனால் இவர்கள் பந்தின் அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கியே அனுப்புகிறார்கள். காற்றிலேயே கைமாறிக் காற்றிலேயே கோலுக்குப் போகிறது. நான் வாயைப் பிளந்து நின்றேன்.

“அத்தப் பாத்து ஆச்சரியப்படாத. அதான் எங்களுக்கு வியாதி” என்றார் ஜான்சி. “கெட்டித் தரையிலயும் தூக்கித்தான் அடிப்பாளுங்க. தலையால தண்ணி குடிச்சிட்டேன், மாற மாட்டேங்குது.”

ஒன்பது மணிக்குத் திரும்பும் பேருந்து. என் பக்கத்தில் ரேவதி உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், அணியில் முன்னால் ஆடுபவள். அவள் அப்பா ஏழுமலை கடலுக்குப் போகிறவர். ஒரே ஒரு தடவைதான் விடுவேன், எடுக்கவில்லை என்றால் பந்தை விட்டுவிட்டு ஓட்டலில் அறை துடைக்கும் வேலைக்குப் போ என்று சொல்லிவிட்டார்.

தெற்காசியக் கோப்பையின் கதையைக் கேட்டாள். முதல் போட்டி நடந்தது வங்கதேசத்தில், காக்ஸ் பஜார் என்ற கடற்கரை ஊரில் என்றேன்.

“பீச்சா? அங்கயும் மணல்ல ஆடுனாங்களாக்கா?”

“மைதானத்துலதான். ஊரு கடலோரம்.”

பிறகு 2022இலும் 2024இலும் வங்கதேசம் வென்றதையும், 2024 வரை நேபாளம் ஆறு இறுதியாட்டங்களில் தோற்றதையும் சொன்னேன்.

“ஆறு தபாவா! தோத்துட்டு தோத்துட்டு வந்துகினே கீறாங்களா?”

“ஆமா.”

“வூட்ல எதுவும் சொல்ல மாட்டாங்க போல” என்றாள் பின்சீட்டிலிருந்த கோலி, அணியின் கோல்கீப்பர். பேருந்தே சிரித்தது. ரேவதி சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு நாட்டுக்கு ஆறு முறை தோற்க இடம் இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பதினொன்றரைக்குத் தேர்வு தொடங்கியது. செம்மண் மைதானம், இறுகிக் கிடந்தது. ஜான்சி பயந்ததே நடந்தது. ரேவதி கொடுத்த பந்தெல்லாம் சக ஆட்டக்காரிகளின் தலைக்கு மேல் பறந்தது. தேர்வாளர் கத்தினார்: “இன்னாம்மா, மாங்கா அடிக்கிறியா? தரையில குடு!” ஓரத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவனை நான் திட்டிவிட்டேன். அச்சில் வராத வார்த்தை.

முடியப் போகிற நேரத்தில் பந்து வேகமாக ரேவதியை நோக்கி உருண்டு வந்தது. எதிரணிக் கோலி முன்னால் ஓடி வந்து காலடியில் விழுந்தாள். ரேவதி நிற்கவே இல்லை. விரலைக் கொடுத்தாள். பந்து கோலியின் மேல் மெதுவாக ஏறி, இறங்கி, வலைக்குள் ஒருமுறை குதித்து நின்றது. கல்லைக் குடைந்து கோயில் எடுத்த ஊரிலிருந்து வந்தவள், காற்றில் ஒரு வழியைக் குடைந்துவிட்டாள்.

பெயர்களைப் படித்தார்கள். ரேவதி இல்லை. “கால் பிரமாதம். தரையில பாஸ் வரணும். அடுத்த வருஷம் வா” என்றார் தேர்வாளர். அடுத்த வருடம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்! அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. ரேவதி முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள்.

வாசலில் மீன் பெட்டி கட்டிய மொபெட்டைப் பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார். ஏழுமலை. மீன் விற்க வந்தவர், பெட்டியில் ஐஸ் கரைந்து ஒழுக, கடைசி அரை மணி நேரமும் பார்த்திருக்கிறார். நேரே ஜான்சியிடம் வந்தார். நான் சண்டைக்குத் தயாரானேன்.

“இன்னாம்மா நீ? எப்பப் பாத்தாலும் மேலயே அடிக்கிறா. தரையில அடிக்கச் சொல்லித் தர மாட்டியா?”

“மணல்ல எப்டிண்ணா சொல்லித் தர்றது?”

“அப்ப வேற எடம் பாரு. ஸ்கூல் கிரவுண்டு சும்மாத்தான கீது? நான் வந்து கேக்குறேன் அந்த ஹெட்மாஸ்டர.” பிறகு மகளைப் பார்த்து, “ஏய், அழுவாத. மீனு நாறுது, வித்துட்டு வரேன். பஸ்ல போய்ச் சேரு” என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். “அந்தக் கோலி எழுந்திருக்கவே இல்ல, பாத்தியா?”

இரண்டு மணி ரயிலில் ஊரப்பாக்கம் திரும்பினேன். எங்கள் தெருவில் காலி மனைகள் பல. எல்லாவற்றிலும் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண் ஒருத்தியும் இல்லை. தரை மட்டும் நல்ல கெட்டித் தரை.